நிழலில் எல்லோரும் ஒரே நிறம்

அனிமேஷன் குறும்படங்களில் யார் முகம் தெரிய வேண்டும் என்று உலகம் விவாதிக்கிறது. பாலக்காட்டின் தோல்பாவைக் கூத்தும் இடுக்கி மன்னான்களின் கண்ணகிக் கூத்தும் எழுப்பும் கேள்வி வேறு: திரைக்குப் பின்னால் இருப்பது யார்?

நள்ளிரவு தாண்டிவிட்டது. பாலக்காடு மாவட்டத்து பகவதி கோயில் ஒன்றின் எதிரே நீளமான கூத்துமாடம். உள்ளே தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்குகள் வரிசையாக எரிகின்றன. வெள்ளைத் திரையில் ஒரு பெண்ணின் நிழல் அசைகிறது. இறந்துபோன மகனுக்காக அவள் புலம்புகிறாள். வெளியே மைதானத்தில் பெரும்பாலும் ஆள் இல்லை. ஓரிருவர் இருந்தாலும் தூங்கிவிட்டார்கள்.

அழுகிறவள் சூர்ப்பணகை. இறந்தவன் அவள் மகன் சம்புகுமாரன். தவத்தில் இருந்த அவன், இலக்குவன் கையால், இலக்குவன் அறியாமலேயே கொல்லப்படுகிறான். தமிழ் முதுகலை வகுப்பில் கம்பராமாயணத்தைத் தேர்வுக்காகக் கரைத்துக் குடித்தவர்கள் திகைத்துப் போவார்கள். கம்பனில் இப்படி ஒரு மகன் கிடையாது. கம்பனின் சூர்ப்பணகை ராமன் மீது கொண்ட ஆசையால் வருகிறவள். பாலக்காட்டுச் சூர்ப்பணகைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த துயரமும் உண்டு. ஓர் அரக்கிக்கு இங்கே காரணம் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய ஜைன ராமாயணங்களில் தலைகாட்டும் இந்தக் கிளைக்கதை, கம்பன் பாட்டைப் பாடும் பாவைக்கூத்துக்குள் எப்போதோ நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தக் கூத்தைப் பற்றி 1996-ல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பார்க்க ஆளில்லாமல் இரவு முழுதும் நடக்கும் நாடகம் அவரையும் வியக்க வைத்தது.

ஆளில்லாததற்கு ஊர் சொல்லும் விளக்கம் எளிமையானது. ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் அந்த யுத்தத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அவளுக்காகத்தான் ஆண்டுதோறும் நிழலில் அதை நடத்திக் காட்டுகிறார்கள். பார்வையாளர் அம்மன் ஒருத்தியே. மற்றவர்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

முதல் அனிமேஷன்

வெளிச்சம், திரை, வெட்டியெடுத்த உருவங்கள், பின்னாலிருந்து ஒலிக்கும் குரல். சினிமாவுக்கு முன்பே இருந்த அனிமேஷன் இதுதான் என்று சொன்னால் மிகையில்லை. ஜெர்மனியில் லாட்டே ரைனிகர் என்ற பெண் 1926-ல் வெளியிட்ட 'இளவரசன் அகமதின் சாகசங்கள்' படம்தான் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம். பறக்கும் குதிரையும் மந்திரவாதிகளும் நிறைந்த அந்தப் படத்தில் வருவது முழுக்க நிழலுருவங்கள். கறுப்பு அட்டையைக் கத்தரித்து, கண்ணாடிப் பலகையில் வைத்து, அடியில் விளக்கெரித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்தார் ரைனிகர். கீழை நாட்டுப் பாவைக்கூத்தின் உறவு அதில் வெளிப்படையாகவே தெரிகிறது.

அங்கிருந்து கிளம்பிய கலை கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தபோது ஒரு சண்டையும் கூடவே வந்தது. திரையில் யாருடைய முகம்? வெள்ளைக்கார இளவரசிகளின் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்த மற்ற பிள்ளைகள் தங்களை எங்கே தேடிக்கொள்வது? 2015-ல் பிக்ஸார் நிறுவனம் வெளியிட்ட 'சஞ்சய்ஸ் சூப்பர் டீம்' அந்தக் கேள்விக்குக் கிடைத்த ஒரு பதில். ஏழு நிமிடக் குறும்படம். அமெரிக்காவில் வளரும் சிறுவன் ஒருவன் டி.வி. கார்ட்டூன் பார்க்கிறான். அப்பா பூஜைக்கு மணியடிக்கிறார். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்த பையனின் கற்பனையில் விஷ்ணுவும் துர்க்கையும் அனுமனும் சாகச வீரர்களாகிவிடுகிறார்கள். எதிரி, வேறு யார், ராவணன். இயக்குநர் சஞ்சய் படேல் எடுத்தது தன் சொந்தக் கதையை, தன் அப்பாவோடு சேர்த்து. அது ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இந்திய முகம் திரைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? இந்தியாவுக்குள்ளேயே எந்த முகம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2008 முதல் நம் வீட்டுக் குழந்தைகளைக் கட்டிப்போட்டிருக்கும் 'சோட்டா பீம்' தொடரில் வம்புக்கார முரடனின் பெயர் காலியா. பெயரிலேயே கருமை இருக்கிறது. யாரும் யோசித்துச் செய்த சதியாக இருக்க வேண்டியதில்லை. யோசிக்காமல் செய்ததுதான் பிரச்சினை.

பாலக்காட்டுத் திரையில் இந்தச் சிக்கல் எழவே வழியில்லை. பாவைகள் ஒரு காலத்தில் மான் தோலில் செய்யப்பட்டவை. இப்போது ஆட்டுத்தோல் போன்றவை பயன்படுகின்றன. விளக்கு முன் பிடித்தால் ராமனும் கறுப்பு, ராவணனும் கறுப்பு. சீதையும் சூர்ப்பணகையும் ஒரே நிறம். உளியால் போட்ட நுண்ணிய துளைகள் வழியே கசியும் வெளிச்சம்தான் இது யார் என்று சொல்கிறது. மீதியை முடிவு செய்வது குரல்.

குரலின் மொழி

அந்தக் குரல் தமிழில் ஒலிக்கிறது என்பதுதான் வெளியூர்க்காரர்களை வியக்க வைக்கும் செய்தி. பாடப்படுபவை பெரும்பாலும் கம்பனின் விருத்தங்கள். பாட்டு முடிந்ததும் விளக்கம் தொடங்குகிறது. தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த ஒரு நடை. ஒரே பாட்டுக்கு ஒருவர் பொருள் சொல்ல, இன்னொருவர் மடக்க, புராணம், இலக்கணம், ஜோதிடம் என்று பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பும். அதனால்தான் ஏழு, 14, 21 என்று இரவுகள் நீள்கின்றன. சில கோயில்களில் 41 நாள், 71 நாள் ஆட்டமும் உண்டு. கதாபாத்திரங்கள் 71, பாவைகள் சுமார் 160 என்பது முழு ஆட்டத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இதை நடத்துகிறவர்களுக்குப் புலவர் என்று பட்டம். வீட்டில் அவர்கள் பேசுவது மலையாளம். பாட்டைப் பலர் மலையாள எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தவர்கள். தமிழ் அவர்களுக்குத் தாய்மொழி அல்ல, தொழில்மொழி. இன்னும் சரியாகச் சொன்னால், பூஜைமொழி. 1956-ல் மாநிலங்கள் பிரியும்வரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கல்பாத்தி அக்ரகாரமும் சித்தூர் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களும் இன்றும் அங்கே இருக்கின்றன. கூத்தின் தொடக்கத்தில் திரைக்கு வருவதே பட்டர் பாவைகள், அதாவது தமிழ்ப் பிராமணர்கள். எல்லைக் கோட்டை வரைந்தவர்கள் இந்தத் திரையைக் கேட்டுக்கொண்டு வரையவில்லை.

இதைத் 'தமிழர் கலை' என்று நாம் பத்திரம் எழுதிக்கொள்ள முடியாது. 'கேரளப் பண்பாடு' என்று சுற்றுலாத் துறை போஸ்டர் அடித்தாலும் பாதி உண்மைதான். இரண்டு மொழிகள் ஒரே விளக்கைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. பிரதிநிதித்துவம் என்று பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு முகத்துக்கு ஒரு மொழி, ஒரு மாநிலம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு இங்கே உதைக்கிறது.

பெண்கள் வந்தார்கள்

ஷொர்ணூர் அருகே உள்ள கூனத்தரை இந்தக் கலையின் முக்கியமான முகவரி. கோயிலுக்குள் இருந்த கூத்தை வெளி மேடைகளுக்கும் கொண்டுவந்ததில் கிருஷ்ணன்குட்டிப் புலவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2000-ல் அவர் மறைந்தார். அவருடைய மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மேடைக்கு வந்த பிறகு கதைகளும் பெருகின. காந்தி வந்தார், ஏசு வந்தார். இரவெல்லாம் நீண்ட ராமாயணம் ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கியது.

கோயில் கூத்துமாடம் மரபாக ஆண்களின் இடம். பெண்கள் வீட்டில் பாவை செய்யும் வேலைக்குக் கை கொடுத்திருக்கிறார்கள். பாவையைப் பிடித்து ஆட்டியதில்லை. சீதைக்கும் மண்டோதரிக்கும் குரல் கொடுத்தது காலங்காலமாக ஆண் தொண்டைதான். 2021-ல் ராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா, பெண்கள் மட்டுமே கொண்ட குழுவைத் திரட்டிப் 'பெண் பாவைக்கூத்து' நடத்தினார். கதை இன்றைய பெண்களுடையது. பாவைகளை ஆட்டியவர்களும் பெண்கள்.

இதே 2021-ல் இன்னொரு செய்தியும் வந்தது. பாலக்காடு மாவட்ட பாரம்பரிய அருங்காட்சியகத்தில் ரோபோக்கள் பாவைகளை ஆட்டத் தொடங்கின. கை வலிக்காது, தூக்கம் வராது, பார்க்க வருகிறவர்களைக் காக்க வைக்காது. பத்திரிகைகள் கொண்டாடின. கலைக்கு விளம்பரம் என்ற அளவில் நல்லதுதான். ஒரே ஆண்டுக் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேடிக்கையாக இருக்கிறது. பல நூற்றாண்டு மரபில் பெண்களுக்குக் கிடைக்காத இடம், ரோபோவுக்கு வந்த உடனே கிடைத்துவிட்டது.

சுருக்கத்தில் முதலில் உதிர்வது எது என்பதுதான் கவலை. சண்டைக் காட்சி உதிராது. பொன்மானும் உதிராது. உதிர்வது விருத்தமும் அதற்கான விளக்கமும்தான். ஒரு மணி நேர மேடையில் சம்புகுமாரனுக்கு நேரமில்லை. மகன் போனால் சூர்ப்பணகை மறுபடியும் மூக்கறுபட வேண்டிய வெறும் அரக்கி. ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோ இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகனோடு சேர்ந்து 1990-களின் தொடக்கத்தில் எடுத்த ராமாயண அனிமேஷன் படம், 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் பல மொழிகளில் இங்கே திரையரங்குகளுக்கு வந்தது. அழகான படம். இரண்டேகால் மணி நேரத்தில் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. இருபத்தொரு இரவுகளில் கிளைவிட்ட கதைகளுக்கு அதில் எப்படி இடம் இருக்கும்?

டப்பிங் வசனங்களைத் தமிழாக்கிய அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். கார்ட்டூன் நாயகனுக்குச் செய்தி வாசிப்புத் தமிழ் வேண்டும் என்பார்கள். அடியாளுக்கும் கோமாளிக்கும் 'ஏதாவது ஒரு வட்டார வழக்கு' போதும். காட்டுவாசி என்றால் வசனமே தேவையில்லை, ஏதாவது சத்தம் கொடுத்தால் சரி. எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூலியும் வாங்கியிருக்கிறேன். யாருக்குப் பேச்சு உண்டு, யாருக்குச் சத்தம் மட்டும் என்பது படம் வரைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மலை மேல் கண்ணகி

பாலக்காட்டிலிருந்து தெற்கே, மலைத் தொடரோடு போனால் இடுக்கி. தமிழ்நாட்டை ஒட்டிய இந்த மாவட்டத்தில் கட்டப்பனை அருகே கோவில்மலையில் மன்னான் பழங்குடியினருக்கு ராஜா உண்டு. ராஜமன்னான் என்பது பட்டம். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வாய்மொழி மரபு. அவர்களுடைய பேச்சு தமிழுக்கு நெருக்கமானது, ஆனால் தனியானது. அதற்கென்று எழுத்து கிடையாது. காலவூட்டு என்ற அறுவடைத் திருவிழாவில் அவர்கள் ஆடும் கூத்தின் கதை கோவலன் கண்ணகி கதை.

சிலப்பதிகாரம் என்றால் நமக்கு உ.வே.சாமிநாதையர் 1892-ல் பதிப்பித்த புத்தகம் நினைவுக்கு வரும். கடற்கரைச் சிலை நினைவுக்கு வரும். குமுளிக்கு மேலே, பெரியார் புலிகள் காப்பகத்துக்குள், மாநில எல்லையில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் நினைவுக்கு வரும். ஆண்டில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமிக்குத் திறக்கும் அந்தக் கோயிலுக்கு இரண்டு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கிறார்கள். யாருடைய கோயில் என்ற பேச்சு தீரவில்லை. அந்தப் பேச்சில் மன்னான்களின் பெயர் அடிபடுவது அபூர்வம். கண்ணகியை ஏட்டிலும் கல்லிலும் தேடுகிறவர்களுக்கு, அவளை ஆட்டத்திலும் பாட்டிலும் வைத்துக் காப்பாற்றி வந்தவர்கள் கண்ணில் படவில்லை.

இந்தக் கூத்து ஒரு அனிமேஷன் குறும்படத்துக்கு என்றே செய்ததுபோல இருக்கிறது. சிலம்பு உண்டு, எரியும் நகரம் உண்டு, வானுலகம் போகும் பெண் உண்டு. நாளைக்கே ஒருவர் எடுக்கலாம். எப்படி எடுப்பார் என்பதையும் ஊகிக்கலாம். நம் சினிமா மலைவாசிகளை எப்படிக் காட்டியது என்பது எல்லோருக்கும் தெரியும்: இலைப் பாவாடை, தலையில் இறகு, ஒரு 'ஜிங்கலாலா' பாட்டு. அனிமேஷனில் இறகு இன்னும் பளபளப்பாக இருக்கும்.

மலையில் தமிழ் பேசுகிறவர்கள் வேறும் உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கங்காணிகள் அழைத்து வந்த தொழிலாளர்களின் வம்சம். 1956-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின, ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். தேயிலை விளம்பரத்தில் கூடையோடு சிரிக்கும் பெண் அவர்களில் ஒருத்தி. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அவள் வாயைத் திறந்தது 2015 செப்டம்பரில். மூணாறில் போனஸும் கூலியும் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டு, 'பொம்பிளை ஒருமை' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பெயரில் பாதி பேச்சுத்தமிழ். படத்தில் இருப்பது வேறு, பேசுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

செய்து காட்டியவர்கள்

முடியாத காரியம் ஒன்றுமில்லை. அதிதி கிருஷ்ணதாஸ் இயக்கிய 'கண்டிட்டுண்டு' என்ற மலையாள அனிமேஷன் குறும்படத்துக்கு, 2021-ம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரு முதியவர் தாம் கேட்ட, பார்த்ததாகச் சொல்லும் பேய் பிசாசுக் கதைகளைப் பேச்சு வழக்கில் சொல்கிறார். அந்தக் குரலைத் தொட்டுக்கொண்டு கோடுகள் ஓடுகின்றன. வெளிநாட்டு டிராகன் இல்லை, ஊர்ப் பிசாசுகள்தான். குரலைத் திருத்தி நல்ல மலையாளமாக்க யாரும் முயலவில்லை. படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அதற்கும் முன்பு, 2006 வாக்கில், மத்திய இந்தியப் பழங்குடிகளின் ஐந்து கதைகளை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அனிமேஷன் குழு ஒன்று அந்தந்த மக்களின் ஓவிய பாணியிலேயே படமாக்கியது. 'டாலெஸ்ட் ஸ்டோரி காம்பெடிஷன்' என்ற அந்தத் தொகுப்பைப் பழங்குடி மொழிகளிலும் ஒலிப்பதிவு செய்தார்கள். தங்கள் பாட்டி பேசிய மொழியில் ஒரு கார்ட்டூன் பேசுவதை அந்தப் பிள்ளைகள் கேட்க முடிந்தது.

பாலக்காட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அட்டப்பாடியின் இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியில் தானே கட்டிய பாட்டைப் பாடினார். 2022-ல் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் அர்த்தம் புரியாமலே அதைக் கேட்டார்கள். யாரும் அதைச் செய்தி வாசிப்புத் தமிழிலோ மலையாளத்திலோ மாற்றவில்லை. மாற்றியிருந்தால் பாட்டே இருந்திருக்காது.

இந்த மூன்றிலும் பொதுவாக உள்ளது ஒன்றுதான். உருவத்தை மட்டும் கடன் வாங்காமல், கதை சொல்கிறவரையும் உள்ளே அழைத்தார்கள். படத்தில் ஒரு பழுப்பு முகம், ஒரு பழங்குடி முகம், ஒரு பெண் முகம் என்று எண்ணிப் பார்ப்பது சுலபம். பட்டியலில் குறி போட்டுவிடலாம். வசனம் யார் எழுதினார்கள், எந்தப் பேச்சில், எதை வெட்டுவது என்று தீர்மானித்தது யார் என்று கேட்பது சங்கடமான காரியம். கோவில்மலைக் கூத்தைப் படமாக்க ஒருவர் வந்தால், அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி பட்ஜெட் பற்றியதல்ல. கண்ணகி எந்த மொழியில் பேசப்போகிறாள், அந்தப் படத்தால் வரும் பெயரிலும் பணத்திலும் மன்னான்களுக்குப் பங்கு என்ன என்பதுதான்.

பாலக்காட்டில் கூத்துக் காலம் ஜனவரியிலிருந்து மே வரை. வரும் ஆண்டும் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றுவார்கள். அரைத் தூக்கத்தில் ஒருவர் விருத்தம் பாட, இன்னொருவர் அதற்குப் பொருள் சொல்வார். சூர்ப்பணகை மறுபடியும் மகனுக்காகத் தமிழில் அழுவாள். அம்மன் கேட்பாள், அது அவள் வேலை. மைதானத்தில் நாலு பேராவது விழித்திருந்து, அவர்களில் ஒரு பெண் அந்த அழுகையைக் குறித்துக்கொண்டு போய் வரையத் தொடங்கினால், இந்த ஊருக்கு ஒரு நல்ல குறும்படம் கிடைக்கும்.